வயிற்றின் மேல் போட்ட பழி

யார் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினாலும் ஆல்சீட் முதலில் கேட்பது, “உன் எடை என்ன?” என்றுதான். கிளட்ச் சரிசெய்கிறவன் அதைக் கேட்டாக வேண்டும். ஓட்டுகிறவனின் கனம், டயரின் உயரம், இறங்கப்போகும் சேற்றின் ஆழம் எல்லாவற்றையும் பார்த்துத்தான் கிளட்சுக்குள் இருக்கிற குட்டி எடைக்கட்டைகளை மாற்றுவான். கட்டை கொஞ்சம் கனத்துப்போனால் போதும், கிளட்ச் அவசரப்பட்டு அடுத்த வேகத்துக்குத் தாவிவிடும். எஞ்சினுக்கு மூச்சு முட்டும். வண்டி நடுச்சேற்றில் திணறும்.

எங்கள் தெற்கு லூசியானாவில் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஆண்களெல்லாம் பைக் மாதிரி கைப்பிடி வைத்த நாலுசக்கரச் சேற்று வண்டிகளை லாரியில் ஏற்றிக்கொண்டு, அறுப்பு முடிந்த தாழ்வயலுக்குப் போய்விடுவார்கள். அங்கே இருக்கும் சேற்றுக் குழியை ஒவ்வொரு வாரமும் முதலில் தாண்டுகிறவன் ஆல்சீட். அதனால்தான் அவன் கொட்டகை வாசலில் வண்டிகள் வரிசை கட்டும்.

அவன் தங்கை வெல்மாவின் புருஷன் நோரிஸ், அந்த இளவேனிலில் புது வண்டி வாங்கினான். நல்ல வண்டி. ஆல்சீட்டின் வண்டியைவிடப் பலமான எஞ்சின்.

“மச்சான், உன் வண்டிக்குப் போட்ட மாதிரியே இதுக்கும் போட்டுடு. உன்னைத் தோக்கடிக்கணும்னு உன் தங்கச்சி ஒரே நச்சரிப்பு.”

“அவ சின்ன வயசுலேருந்தே அப்படித்தான்” என்று சிரித்தான் ஆல்சீட்.

கிளட்சின் மூடியைத் திறந்தபோது அவன் கை சற்று நின்றது. பொருத்தமான கட்டைகள் ஒரு டப்பாவில் இருந்தன. பக்கத்து டப்பாவில் இருந்தவை பார்க்க அதேபோல்தான், ஆனால் கொஞ்சம் கனம். அவற்றை எடுத்துப் போட்டான். நோரிஸ் முதலில் வந்துவிட்டால் யார் தன்னிடம் வண்டி கொண்டுவருவார்கள் என்று ஒரு நினைப்பு. ஒரு வாரத்துக்குத்தானே, பிறகு மாற்றிவிடலாம் என்று இன்னொரு நினைப்பு.

அந்த ஞாயிற்றுக்கிழமை நோரிஸின் வண்டி நடுக்குழியில் உறுமி உறுமி உட்கார்ந்துவிட்டது. கரையில் ஒரே சிரிப்பு. சேறு வழிய ஏறி வந்த நோரிஸ், “என்ன மச்சான் குறை?” என்று கேட்டான்.

ஆல்சீட்டுக்கு வாயில் வந்தது இதுதான்: “வண்டிக்கு ஒரு குறையும் இல்ல. உன் வயித்தைப் பாரு. அதுக்குத் தனியா ஒரு எஞ்சின் வேணும்.”

எல்லாரும் சிரித்தார்கள். நோரிஸும் சிரித்தான். ஆனால் அவன் அதை நம்பிவிட்டான், பாருங்கள்.

மறுநாளிலிருந்து சோற்றையும் குழம்பையும் தள்ளிவைத்தான். கசாப்புக்கடை வாசலில் சூடாக விற்கும் பூடானை, அரிசியும் பன்றிக்கறியும் திணித்த அந்தக் குடலை, முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. “சேத்தைத் தாண்டுற வரைக்கும் இந்த வாய்க்குப் பூட்டு” என்று போகிற இடமெல்லாம் சொன்னான். நோரிஸுக்குச் சர்க்கரை உண்டு. காலையில் ஊசி போட்டுக்கொள்கிறவன்.

வெல்மா அண்ணனைத் தேடிக் கொட்டகைக்கே வந்தாள். “அண்ணே, நீ சொன்னா கேப்பாரு. விளையாட்டுக்குச் சொன்னேன்னு சொல்லித் தொலையேன். மனுஷன் காத்தைக் குடிச்சுக்கிட்டு இருக்காரு.”

“சொல்றேன்” என்றான் ஆல்சீட். சொல்லவில்லை. எதைச் சொல்ல ஆரம்பித்தாலும் அது கட்டைகளில்தான் போய் முடியும். அதற்குப் பதிலாக, கிளட்ச் பெல்ட்டில் சேறு படிந்திருக்கிறது, கழுவித் தருகிறேன் என்று வண்டியை வாங்கிவந்து சரியான கட்டைகளைப் போட்டுவைத்தான். தீர்ந்தது என்று நினைத்துக்கொண்டான்.

அடுத்த வாரம் நோரிஸ் குழியைக் கிழித்துக்கொண்டு முதலில் போய் ஏறினான். கைகளைத் தூக்கிக் குதித்தான். “பாத்தீங்களாடா! வயித்தைக் கட்டினேன், வண்டி பறந்துச்சு!”

ஆல்சீட் எல்லாரோடும் சேர்ந்து கை தட்டினான். அன்றிரவு அவனுக்குத் தூக்கம் வரவில்லை. நோரிஸ் இனிச் சாப்பிடுவான் என்று நம்பியிருந்தான். நோரிஸோ பலன் கண்ட தெம்பில் ஞாயிற்றுக்கிழமை காலைச் சாப்பாட்டையும் சேர்த்து நிறுத்தினான். ஊசியை மட்டும் விடவில்லை.

அதற்கடுத்த ஞாயிறு, குழியின் நடுவில் நோரிஸின் வண்டி தானாக வளைந்தது. அவன் கைப்பிடியின் மேல் கவிழ்ந்தான். பிறகு சரிந்து, முகம் கீழாகச் சேற்றில் விழுந்தான்.

முதலில் பாய்ந்தவன் ஆல்சீட். இடுப்பளவு சேற்றில் அவனைப் புரட்டி, வாயிலும் மூக்கிலும் விரலை விட்டு வழித்தெறிந்தான். நாலு பேர் பிடித்துக் கரையில் கிடத்தினார்கள். மனசு கேட்காமல் அன்று கூடவே வந்திருந்த வெல்மா இனிப்புத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகப் புகட்டினாள். வெகுநேரம் கழித்துத்தான் நோரிஸின் கண் திறந்தது.

“இன்னும் கொஞ்சம் இளைக்கணும் மச்சான்” என்றான். “அப்பத்தான் உன்னால என்னைப் பிடிக்க முடியாது.” நாக்கு குழறியது.

ஆல்சீட் அவன் பக்கத்தில் மண்டியிட்டபடியே சொன்னான். “உன் வயித்துல ஒண்ணுமில்ல நோரிஸ். கனமான கட்டையை நான்தான் போட்டேன். தெரிஞ்சேதான் போட்டேன். அப்புறம் உனக்குத் தெரியாம மாத்திட்டேன்.”

வெல்மாவின் கை அப்படியே நின்றது. அண்ணனை அவள் பார்க்கவில்லை. வண்டிப் பெட்டியிலிருந்து ஆறிப்போன பூடானை எடுத்துப் பிய்த்துப் புருஷனுக்கு ஊட்டினாள். நோரிஸ் மென்றான். விழுங்கினான்.

“அப்ப போன வாரம் ஜெயிச்சது நான் இல்லையா?”

ஆல்சீட் அவன் முகத்துச் சேற்றைத் துடைத்தான். “நீதான் ஓட்டின.”

“பேசாத. சாப்பிட விடு.”

ஒரு துண்டு முடித்தான், இன்னொன்றும் முடித்தான். பிறகு சேறு காய்ந்த கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அந்த ஆளுங்ககிட்ட நீயே போய்ச் சொல்லிடு. ஊரெல்லாம் வயித்தைக் காட்டிப் பெருமை பேசிட்டேன். எனக்கு வெக்கமா இருக்கு” என்றான்.

அவன் திட்டியிருந்தால் ஆல்சீட் தாங்கியிருப்பான்.

எழுந்து, வண்டிகளை ஏற்றிக்கொண்டிருந்த ஆண்களிடம் போனான். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, ஒன்றையும் மறைக்காமல் சொன்னான். யாரும் சிரிக்கவில்லை. கயிறு கட்டிக்கொண்டிருந்த கிழவர் ஓவிட் தன் வண்டியைத் திரும்பிப் பார்த்தார்.

“அப்ப என்னோடதுல என்னப்பா போட்டு வெச்சிருக்க?”

அவருக்கு ஒழுங்காகத்தான் போட்டிருந்தான். சொல்ல வாயைத் திறந்தான். எல்லாரும் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“கொண்டாங்க” என்றான் கடைசியில். “மூடியைத் திறந்து வைக்கிறேன். நீங்களே பாத்துக்குங்க.”