கழுகுப் பொத்தான்கள்

கேப்டன் ஆன்செல்ம் தபுரோ தன் சாவுக்கென்று ஒரு கோட்டு வைத்திருந்தார். பேரரசரின் மெய்க்காவல் படைக் கோட்டு அது. நல்ல நீலம், மார்பு நெடுகக் கழுகு பொறித்த பொத்தான்கள். ரஷ்யப் பனியில் இரண்டு கண்களையும் பறிகொடுத்துவிட்டு அதோடுதான் ஊர் திரும்பினார்.

"என்னைப் புதைக்கிறப்ப இதைப் போட்டுத்தான் புதைக்கணும். அதுவரைக்கும் பெட்டியைத் திறக்கக் கூடாது" என்று தங்கை ஒனோரினிடம் அடிக்கடி சொல்வார்.

கோட்டில் கழுகுகள் இல்லை. அது ஒனோரினுக்கு மட்டும்தான் தெரியும்.

பேரரசரைத் தீவுக்கு நாடுகடத்தி மன்னராட்சி திரும்பி வந்த புதிதில் அவருடைய கழுகுச் சின்னம் வைத்திருப்பதே குற்றமாகிவிட்டது. ராஜா மாறினால் பொத்தானும் மாற வேண்டுமாம்! அண்ணன் வீட்டில் ஒரு கோட்டு இருக்கிறது என்று யாரோ போய்ச் சொன்னார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? சிப்பாய்கள் அவரை விசாரணைக்கு இழுத்துப்போன அன்றைக்கே ஒனோரின் கழுகுகளை வெட்டியெடுத்து யோன் ஆற்றில் வீசினாள். தேவாலயப் பணியாளரின் பழைய சட்டையிலிருந்த பொத்தான்களைக் கெஞ்சி வாங்கி வந்து தைத்தாள். அவற்றில் இருந்தது மன்னரின் சின்னமான அல்லிப்பூ. சோதனைக்கு வந்தவர்கள் பார்த்துச் சிரித்தார்கள். அண்ணனையும் விட்டுவிட்டார்கள்.

"கோட்டைப் பாத்துட்டாங்களா?" என்றுதான் வீட்டுக்கு வந்ததும் அவர் கேட்டார்.

"இல்லண்ணா. வைக்கோலுக்குள்ள ஒளிச்சு வச்சிருந்தேன்."

ஆண்டுகள் சில கழிந்து, இப்போது கேப்டன் நெஞ்சுச் சளி முற்றிக் கட்டிலோடு கிடந்தார். ஜூலை மாத வெயிலில், அவருடைய பழைய சார்ஜண்டும் இன்று பீப்பாய் செய்து பிழைப்பவருமான கோபியோ தொப்பியைக் கையில் பிடித்தபடி வந்து நின்றார்.

"கேப்டன்... அந்தத் தீவுல... பேரரசரு போயிட்டாராம். மே மாசமே."

கேப்டன் கட்டிலில் கையூன்றி எழப் பார்த்தார். பிறகு, "ஒனோரின், கோட்டை எடு" என்றார்.

அவள் பெட்டிப் பக்கம் நகரவில்லை. "இப்ப எதுக்குண்ணா? தூசி பறந்தா இருமல் வரும்."

"அவரு துக்கத்துக்கு நான் ராத்திரிச் சட்டையோட உக்காந்திருக்கணுமா? எடும்மா."

எடுத்தாள். கோபியோ அவரைத் தாங்கி உட்கார வைத்து மாட்டிவிட்டார்.

"உள்ள இன்னொரு ஆளும் படுக்கலாம் போலிருக்கே, கேப்டன்!"

"அப்ப நீயும் வா. ரஷ்யப் பனிக்குத் தப்பின உன் ஒத்தைக் காதுக்குக் குளிராம இருக்கும்."

சிரித்துக்கொண்டே குனிந்த கோபியோவின் கண்ணில் அல்லிப்பூ பட்டது. வாய் திறந்தபடியே நின்றது. ஒனோரின் அவரைப் பார்த்துக் கைகூப்பினாள்.

"நானே மாட்டி விடறேண்ணா" என்று அவள் அவசரமாகப் பொத்தான்களைப் போட்டாள். அதற்குள் அவருடைய கட்டைவிரல் மேல் பொத்தானைத் தேடி வந்துவிட்டது. ஒருமுறை தடவியது. நின்றது. மறுபடி மெதுவாகத் தடவியது.

"கோபியோ, கழுகுங்க எப்படிடா இருக்கு?"

கோபியோ ஒனோரினைப் பார்த்தார். "மின்னுதுங்க, கேப்டன்."

"இருக்கும். என் தங்கச்சி எதையும் நல்லாத்தான் பாத்துக்குவா."

பேரரசருக்காக மூவரும் ஒரு ஜெபம் சொன்னார்கள். பிறகு கேப்டன் கோட்டைக் கழற்றச் சொன்னார்.

"ஒனோரின், இதை இவன்கிட்ட குடுத்துடு. குளிர்காலத்துக்கு ஆகும். என்னை வெறும் சட்டையோட புதைச்சாப் போதும்."

"அண்ணா..."

"மண்ணுக்குள்ள எதுக்கும்மா நல்ல கோட்டு? ஜன்னலைச் சாத்து, குளிருது."

வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. அவள் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினாள்.

அந்த வாரமே அவர் போய்விட்டார். கோபியோ கோட்டை வாங்க மறுத்துவிட்டார். சவப்பெட்டியை மூடும் முன் ஒனோரின் அல்லிப்பூக்களை ஒவ்வொன்றாக வெட்டி அடுப்புச் சாம்பலில் போட்டாள். அண்ணனுக்குக் கோட்டை உடுத்தி, பொத்தானில்லாத அந்த மார்பைக் கழுத்திலிருந்து இடுப்புவரை கறுப்பு நூலால் தைத்து மூடினாள்.

"ஆத்துல போட்டுட்டேண்ணா. உன்னைக் கொண்டுபோயிடுவாங்கன்னு பயந்துதான் போட்டேன்" என்று தைத்து முடிக்கும்வரை சொல்லிக்கொண்டேயிருந்தாள்.