கடைவாய்க் குழி

அந்த நாற்றம் மீனிலிருந்து வரவில்லை. மூச்சை இழுத்த மறுகணமே இருசம்மாளுக்குத் தெரிந்துவிட்டது. கண்ணைக் கட்டிவிட்டு மூக்குக்கு நேரே ஒரு மடவை மீனை நீட்டினால் போதும், நேற்றுப் பிடித்ததா, முந்தாநாள் பிடித்ததா, எவ்வளவு நேரம் வெயிலில் கிடந்தது என்று சொல்லிவிடுவாள். அவர்கள் ஊரான பசியாவரத்தில் கருவாடு போடுகிறவர்கள் சந்தேகம் வந்தால் அவள் மூக்கைத்தான் தேடி வருவார்கள். ஆனால் இன்று குடிசைக்குள் மீனே இல்லை. வலை ஐந்து நாளாக மூலையில் காய்ந்து கிடக்கிறது. மண்சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்த அவள் புருஷன் தேசப்பன் கஞ்சிக்காக வாயைத் திறந்தான். திறக்கப் பார்த்தான் என்றுதான் சொல்ல வேண்டும். சுண்டுவிரல் நுழையும் அளவுக்குத்தான் பற்கள் விலகின. அந்த இடுக்கிலிருந்துதான் நாற்றம் வந்தது.

கஞ்சிக் கலயத்தைக் கீழே வைத்தாள். அவன் வலது கன்னம் ராத்திரிக்குள் இன்னும் ஒரு சுற்றுப் பெருத்திருந்தது. தாடை எங்கே முடிகிறது, கழுத்து எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. புறங்கையால் தொட்டாள். அடுப்பிலிருந்து இறக்கிய சட்டி மாதிரி கொதித்தது.

"எச்சிலாவது முழுங்க முடியுதாய்யா?"

அவன் கண்ணை மூடித் திறந்தான். முடியவில்லை. வாயோரத்தில் எச்சில் வழிந்து மார்பில் சொட்டியது. துடைத்துக்கொள்ளக்கூட அவன் கையைத் தூக்கவில்லை.

வாசலில் தேசப்பனின் தம்பி சம்பந்தம் நின்றிருந்தான். கையில் தோணி தள்ளுகிற கழி.

"நான் அன்னிக்கே சொன்னேன். பல்லு வலின்னா நம்ம ஊர்ல மருந்து இல்லியா? அந்த எலிசபெத்தம்மா பேச்சைக் கேட்டுக் கோட்டைக்குப் போனாரு. உலாந்தாக்காரன் கொறடுல இன்னாத்தத் தடவினு வந்து வச்சானோ. அண்ணி, தூக்கு இவர. இப்பவே போறோம். இன்னா பண்ணான்னு அவன் சொல்லியாவணும்."

என்ன பண்ணினார்கள் என்று கேட்கத் தம்பிக்காரன் கோட்டைக்குப் போகிறான். பதில் இந்தக் குடிசைக்குள்ளேயே உட்கார்ந்திருந்தது.

பல் பிடுங்கிய மறுநாள் நடந்தது அது. உலாந்தாக்காரர் என்கிற டச்சுக்காரர்களின் பழவேற்காட்டுக் கோட்டை அடுப்படிக்கு மீன் கொண்டுபோகிற தேசப்பன் பத்து நாளாகத் தாடையைப் பிடித்துக்கொண்டே போய்வந்தான். கோட்டை வைத்தியர் வீட்டில் வேலை செய்கிற எலிசபெத் அதைப் பார்த்துவிட்டு, "வா, தொரைகிட்ட காட்டுறேன்" என்று கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டிப்போனாள். கடைசியாக முளைக்கிற கடைவாய்ப் பல், பாதி ஈறுக்குள் கோணலாகப் படுத்துக் கிடந்ததாம். பிடுங்கியெடுத்துத் தரையில் போட்டதும் தேசப்பன் அதைப் பொறுக்கி மடியில் முடிந்துகொண்டான். உடம்பிலிருந்து விழுந்ததை அந்நிய மண்ணில் விட்டுவரக் கூடாது, சொந்தக் கரையில்தான் புதைக்க வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். புதைப்பதற்கு முன் இருசம்மாள் அதைக் கழுவிப் பார்த்தாள். நண்டுக்கால் மாதிரி வளைந்த இரண்டு வேர், முனைகூட உடையாமல் முழுசாக இருந்தன.

மறுநாள் உச்சிப் பொழுதில் அவன் அவள் முன்னால் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்தான்.

"நாக்குல இன்னாவோ தட்டுது. பாரு."

பார்த்தாள். பல் இருந்த குழியில் கறுப்பாக, கொழகொழவென்று ரத்தம் உறைந்து நின்றது.

இங்கேதான் இருசம்மாளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவள் போட்ட கருவாட்டில் புழு வைக்காது. அதற்கு மந்திரம் எதுவும் இல்லை. மடவையைக் கீறிக் குடலை எடுத்த பிறகு நடுமுள்ளை ஒட்டி ஒரு கறுத்த ரத்தக் கோடு இருக்கும். மற்ற பெண்கள் தண்ணீர் ஊற்றி அலசிவிட்டு உப்பைப் போட்டுவிடுவார்கள். இவள் சிப்பி ஓட்டின் விளிம்பால் முள் வெளுக்கும்வரை அதைச் சுரண்டுவாள். உப்பு இறங்காத இடம் ரத்தம் நின்ற இடம்தான், அழுகல் அங்கேதான் தொடங்கும். அது பதினான்கு வயதிலிருந்து அவள் கை அறிந்த உண்மை. ஒருமுறை கோட்டைக்காரர்கள் தாங்களே மீனை உப்பிலிட்டு, பீப்பாய் முழுக்கப் புழுத்துப்போக, ஏரியில் கொட்டினார்கள். ஊரே கரையில் நின்று சிரித்தது.

"கறுத்த ரத்தம் நிக்குதுய்யா."

"அதத் தொடக்கூடாதுன்னு அந்தம்மா சொல்லிச்சு. துப்பக்கூடாதாம், சுருட்டு இழுக்கக்கூடாதாம். அந்தக் கட்டிதான் காயத்துக்கு மூடியாம். அது போச்சுன்னா உள்ள எலும்பு தெரிஞ்சிபூடுமாம்."

"அவங்களுக்கு இன்னா தெரியும். ஒரு பீப்பா மீனைக் காப்பாத்தத் தெரியல."

தேசப்பன் சிரித்தான். வீங்கின ஈறோடு, வலியோடு சிரித்தான். "சரி, உன் கைல கெட்டது எது. எடு" என்று சொல்லி அவள் மடியில் தலையை வைத்தான். அவள் சிப்பி ஓட்டைக் கழுவினாள். விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, முள்ளைச் சுத்தம் செய்கிற மாதிரி, குழியின் அடி வெளுப்பாகத் தெரியும்வரை சுரண்டி எடுத்தாள். பிறகு கல்லுப்பை நுணுக்கி உள்ளே திணித்தாள். அவன் கால் இரண்டும் தரையை உதைத்தன. எல்லாம் முடிந்து எழுந்து உட்கார்ந்து, கண்ணில் நீர் வழிய, "மடவைன்னே நெனச்சிட்டியாடி" என்றான்.

அதற்கப்புறம் ஒரு ராத்திரிகூட அவன் தூங்கவில்லை. வலி காதுக்கு ஏறியது, நெற்றிப்பொட்டுக்கு ஏறியது. ஒரு வார்த்தை அவளைக் குறை சொல்லவில்லை. சொல்வதற்கு வாய் திறந்த நாட்களிலும் சொல்லவில்லை.

ஏரி கண்ணாடி மாதிரி கிடந்தது. கோட்டைக்குப் போகிற தோணியில் தேசப்பனை அணைத்து உட்கார்த்திக்கொண்டு இருசம்மாள் ஒன்றையே நினைத்துக்கொண்டு வந்தாள். வைத்தியரிடம் சொல்லிவிட வேண்டும். சம்பந்தம் கேட்கும்படி சொல்ல முடியாது. அண்ணனை அப்பன் ஸ்தானத்தில் வைத்திருக்கிறவன் அவன். தனியாக, எலிசபெத்தின் காதோடு சொல்லிவிட்டால் போதும்.

தனியாக யாரும் கிடைக்கவில்லை. கோட்டை மதிலை ஒட்டிய வைத்திய அறையில் ஒரே ஜன்னல். வைத்தியர் வயதானவர், வெயிலில் சிவந்து தோலுரிந்த மூக்கு. தேசப்பனின் கழுத்தைத் தொட்டவுடன் அவர் முகம் மாறியதை இருசம்மாள் பார்த்தாள். வாய்க்குள் விளக்கைப் பிடித்துப் பார்க்க முயன்றார், தாடை இடம் கொடுக்கவில்லை. எலிசபெத்திடம் ஏதோ கேட்டார்.

எலிசபெத் திரும்பினாள். நாற்பது வயதுக்காரி, கழுத்தில் சிலுவை, கையில் கட்டுத்துணி. "தேசப்பா, தொரை கேக்குறாரு. குழியில இருந்த ரத்தக்கட்டிய யாராச்சும் தொட்டீங்களா? வெரல், குச்சி, எதுனா உள்ள வுட்டீங்களா?"

இருசம்மாள் வாயைத் திறப்பதற்குள் தேசப்பன் தலையை ஆட்டிவிட்டான். இல்லை. ஒருமுறை அல்ல, மூன்று முறை. கழுத்தைத் திருப்பவே முடியாதவன் அத்தனை வலியோடு தலையை ஆட்டிக்கொண்டே அவளைப் பார்த்தான். பேசாதே என்றது அந்தப் பார்வை. அப்புறம் தம்பியைப் பார்த்தான்.

"யாரு தொடுவாங்க?" என்றான் சம்பந்தம். "எங்க அண்ணி கண்ணு மாரி பாத்துக்கினு கீது. எங்க அண்ணனுக்கு எதுனா ஆச்சு, இந்தக் கோட்டைக்கு ஒரு மீன் வராது பாத்துக்க. கூட்டினு வந்தது நீ. உன் பேரும் பஞ்சாயத்துல வரும்."

எலிசபெத் அதை மொழிபெயர்க்கவில்லை. வைத்தியர் சொன்னதை மட்டும் தமிழில் சொன்னாள். குரல் இறங்கியிருந்தது. "வேரு ஒடஞ்சி உள்ள நின்னுபோச்சுன்னு தொரை நெனைக்கிறாரு. பல்லைத்தான் இவரு எடுத்துனு போயிட்டாரே, பாக்க முடியல. தாடைய நெம்பித் தொறந்து, எலும்பைக் கொஞ்சம் கொத்தித் தேடணும். இவ்ளோ வீக்கத்துல அது... பலமாப் புடிச்சிக்கணும்."

இரண்டு ஆட்கள் வந்து தோள்களைப் பிடித்தார்கள். சம்பந்தம் காலைப் பிடித்தான். மரத்தாலான ஆப்பு ஒன்றைப் பற்களுக்கிடையே செருகி வைத்தியர் முறுக்கினார். தேசப்பனிடமிருந்து வந்த சத்தம் தொண்டையிலிருந்து வந்ததாகத் தெரியவில்லை, நெஞ்சுக்கூட்டிலிருந்து வந்தது. மேசையில் சின்ன உளி ஒன்று ஜன்னல் வெளிச்சத்தில் கிடந்தது. வைத்தியர் கை அதை நோக்கி நீண்டது.

உள்ளே வேர் இல்லை. அந்த அறையில் அது தெரிந்தவர்கள் இரண்டு பேர். ஒருவருக்கு வாய் திறக்காது.

"நான்தான்."

எலிசபெத் நிமிர்ந்தாள். "இன்னா நீ?"

"நான்தாம்மா எடுத்தேன். அந்தக் கட்டிய. சிப்பியால சொரண்டி எடுத்தேன். உப்பு வச்சு அடைச்சேன்." பேசப் பேச அவள் குரல் சமமாக இருந்தது. அதுதான் அவளுக்கே பயமாக இருந்தது. "வேரு உள்ள இல்ல. பல்லக் கழுவிப் பாத்தேன், ரெண்டு வேரும் முழுசா இருந்துச்சு. கொத்த வாணாம்னு சொல்லு."

எலிசபெத் வேகமாகச் சொன்னாள். வைத்தியர் கை நின்றது. இருசம்மாளை அவர் பார்த்தார், நீளமாக ஏதோ சொன்னார், உளியைத் தள்ளி வைத்தார்.

"இன்னா சொன்னாரு?" என்றாள் இருசம்மாள்.

"ஒன்னும் சொல்லல" என்றாள் எலிசபெத்.

சம்பந்தம் அண்ணனின் காலை விட்டுவிட்டான். எழுந்தான். தன்னைப் பார்த்துக் கத்துவான் என்று இருசம்மாள் எதிர்பார்த்தாள். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் ஜன்னலோரம் போய் ஏரியைப் பார்த்து நின்றுகொண்டான். தேசப்பன் கண்ணை மூடினான். மூடிய இமைக்கடியிலிருந்து கண்ணீர் காதுவரை ஓடியது.

பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. வைத்தியர் தாடைக்கு அடியில் ஒரு விரற்கடை நீளத்துக்குக் கீறினார். சீழ் வழிந்து கிண்ணம் பாதி நிறைந்தது. அந்த நாற்றத்துக்கு அறையில் இருந்தவர்கள் எல்லாரும் முகத்தைத் திருப்பினார்கள், இருசம்மாளைத் தவிர. வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரை ஒரு குழாயால் குழிக்குள் மெல்லப் பீய்ச்சிக் கழுவினார். கிராம்புத் தைலத்தில் தோய்த்த துணித் திரியை இடுக்கியால் உள்ளே வைத்தார். தேசப்பனின் தோள்கள் தளர்ந்தன. மூன்று நாளில் முதல்முறையாக அவன் மூச்சு சீராக வந்தது. கடைசியில் வைத்தியர் எழுதுகிற மையில் இறகைத் தோய்த்து, வீக்கத்தின் சிவப்பு எங்கே முடிகிறதோ அதையொட்டிக் கழுத்தில் ஒரு கோடு கிழித்தார்.

கோட்டையில் உலாந்தாக் கும்பினி ஆட்களுக்குத்தான் படுக்கை, தேசப்பனை வீட்டுக்கே கொண்டுபோக வேண்டும். எலிசபெத் படித்துறைவரை வந்தாள்.

"படுக்க வைக்காத, மூச்சு அடைச்சுக்கும். ஒக்காந்தே இருக்கட்டும். உப்புத் தண்ணிய வாய்ல வுட்டுத் தானா வழிய வுடு, கொப்புளிக்க வுடாத. காலைல திரி மாத்தணும், கூட்டினு வா. அதுக்குள்ள சிவப்பு கழுத்துல போட்ட கோட்டத் தாண்டுச்சுன்னா, இல்ல மூச்சு இழுத்துச்சுன்னா, அப்பவே தோணிய எடுத்துடு."

"எடுத்துனு வந்தா?"

எலிசபெத் தோணிக்குள் குனிந்து தேசப்பனின் மேல்துண்டைச் சரிசெய்தாள். "எடுத்துடு" என்றாள் மறுபடி.

சம்பந்தம் கழியை ஊன்றித் தள்ளினான். கரை விலகியது. அவன் கண் தண்ணீரை விட்டு நகரவில்லை. வரும்போது நொடிக்கொரு தரம் அண்ணி, அண்ணி என்று வந்தவன். தேசப்பன் அவள் நெஞ்சில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தான். அவன் உடம்பின் சூடு அவள் ரவிக்கையில்லாத தோளில் ஒட்டியது. கிராம்பின் வாசனையும் அதற்கடியில் அந்த இன்னொரு வாசனையும் மாறிமாறி வந்தன. எது அதிகம் என்று அவள் மூக்கால் சொல்ல முடியவில்லை.

"எதுக்குய்யா இல்லேன்னு தலையாட்டின?" என்று அவன் காதருகில் கேட்டாள். "உளிய எடுத்தப்பகூட எதுக்குச் சும்மா இருந்த?"

அவன் தன் மடியில் கிடந்த அவளுடைய வலது கையை எடுத்தான். சிப்பி பிடித்துக் காய்ப்பேறிய கட்டைவிரலைத் தன் உள்ளங்கைக்குள் வைத்து மூடிக்கொண்டான். அவ்வளவுதான்.

ஏரியின் நடுவில் வரும்போது அவன் இரண்டு முறை சேர்ந்தாற்போல் விழுங்க முயன்று திணறினான். இருசம்மாள் துண்டை விலக்கிக் கழுத்தைப் பார்த்தாள். வியர்வையில் மை கரைந்திருந்தது. கோடு ஒன்றாக இல்லை, மூன்று நான்கு நீல இழைகளாகக் கீழே ஓடியிருந்தது. சிவப்பு ஓர் இழையைத் தொட்டிருந்தது, இன்னொன்றைத் தொடவில்லை.

"சம்பந்தம்" என்றாள். "இங்க வா."

அவன் திரும்பாமல் இரண்டு தள்ளு தள்ளினான். பிறகு கழியைத் தோணிக்குள் போட்டுவிட்டு வந்து மண்டியிட்டான்.

"கோடு எதுன்னு பாரு."

"இது."

"அது ஒழுகினது. மேல கீதே, அதுவா?"

"அது கழுத்து மடிப்பு." அவன் விரல் தொடாமல் காற்றில் நின்றது. "வெளிச்சம் வரட்டும். கொஞ்சம் இந்தாண்ட சாய்ச்சுப் புடி."

சாய்த்துப் பிடித்தாள். ஒரே கழுத்தின் மேல் இரண்டு தலைகளும் முட்டிக்கொள்கிற மாதிரி குனிந்திருந்தன. கழி ஊன்ற ஆளில்லாத தோணி, ஏரித் தண்ணீர் கடலுக்கு இறங்குகிற வற்றத்தின் இழுப்பில், பசியாவரத்தை ஒரு பக்கமும் கோட்டையை ஒரு பக்கமும் விட்டுவிட்டு, முகத்துவாரத்தைப் பார்த்து மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது.