ஜோடி ஃபாரம்

நாற்பது தறிகள் ஒன்றாக ஓடும் கூடத்தில் வாய்க்கு வேலை கிடையாது. இசக்கிப்பாண்டி இரண்டு விரல்களைச் சேர்த்துப் பிரித்துக் காட்டினான். எதிர்த்தறியில் நின்ற முகம்மது இஸ்மாயில் ஓரக்கண்ணால் அதைப் பார்த்ததும் தறியை நிறுத்தினார். பாவில் ஒரு இழை அறுந்திருந்தது. குனிந்து, முனைகளை முறுக்கி முடிச்சுப் போட்டு, மறுபடி ஓட்டிவிட்டார். கட்டைவிரலை உதட்டருகே சாய்த்தால் டீ. பிடரியில் தட்டினால் சூப்பர்வைசர் மாரிராஜ் வருகிறான். இருபத்தாறு வருஷமாக இருவருக்கும் இதுதான் பேச்சு.

இஸ்மாயிலுக்குக் காது போய் ஆறேழு வருஷம் ஆகிவிட்டது. கூடத்தில் எல்லோருக்கும் தெரியும். ஆபீசுக்கு யாரும் சொன்னதில்லை. தறிச்சத்தத்துக்கு நடுவில் அங்கே யாருக்குத்தான் கேட்கிறது? இசக்கிப்பாண்டிக்கும் வேலைவிட்டு சைக்கிள் மிதிக்கிற வழியெல்லாம் காதுக்குள் தறி ஓடிக்கொண்டுதான் வரும். வீட்டுக்குப் போய்ச் சோறு தின்று எழுந்த பிறகு கொஞ்சம் அடங்கும்.

ஆடித்தபசுத் திருவிழா கழிந்த வாரம், முதலாளி மகன் கோயம்புத்தூரிலிருந்து ஒரு பயிற்சிக்காரரைக் கூட்டிவந்தார். இனிமேல் சூப்பர்வைசர் என்று யாரும் இல்லை, மாரிராஜ் இனி 'கோச்' என்றார் பயிற்சிக்காரர். திட்டக்கூடாது, கேள்வி கேட்டுத்தான் ஆளைத் திருத்தவேண்டும். தொழிலாளிகளுக்கும் ஆளுக்கொரு ஜோடி; எதிர்த்தறியில் நிற்பவர்தான் ஜோடி. மாசத்துக்கு ஒருதரம் ஜோடியிடம் உள்ள குறையையும், அது தீர என்ன உதவி வேண்டும் என்பதையும் ஃபாரத்தில் எழுதித் தரவேண்டும்.

"இது தண்டனை குடுக்குற பேப்பர் இல்லைங்க. நீங்க எழுதுங்க, உதவி செய்யறது கம்பெனி பொறுப்பு."

ஊடைநூலைத் தார்க்கட்டையில் சுற்றுகிற வள்ளித்தாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "மாரிராஜு ஒரு நா பூரா வையாம இருந்தாம்னா அவனுக்கு வயித்தால போயிரும்லா!"

முதல் கூட்டம் ஆபீஸ் ஏசி அறையில் நடந்தது. கதவைச் சாத்தியதும் கிணற்றுக்குள் இறங்கியதுபோல அடைத்துக்கொண்டது அமைதி. மாரிராஜ் கேள்விகள் எழுதிய ஒரு அட்டையைப் பார்த்துப் பார்த்துக் கேட்டான்.

"இஸ்மாயில் பாய், ஒங்க பலம் என்னன்னு நெனைக்கிதீய?"

மேசைக்கடியில் குனிந்து இசக்கிப்பாண்டி தன் புஜத்தைத் தட்டிக் காட்டினான்.

"இந்தத் தோளு பரவால்ல. எடது தோள்லதான் வலி" என்றார் இஸ்மாயில். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சேர்ந்து சிரித்தார்.

எழுதத் தெரியாதவர்கள் வள்ளித்தாயிடம் சொல்லி எழுதி வாங்கினார்கள். இசக்கிப்பாண்டி அவளிடம் கொடுக்கவில்லை. நாற்பத்தோரு வயசில் மகளுடைய ரெண்டாங்கிளாஸ் புத்தகத்தை வைத்து எழுத்துக்கூட்டிப் படித்தவன் அவன். அந்த எழுத்து இதுவரை ரேஷன்கடையில் கையெழுத்துப் போடத்தான் உதவியிருக்கிறது. நூல் மூட்டை மேல் உட்கார்ந்து, வேட்டியில் கைவேர்வையைத் துடைத்துத் துடைத்து எழுதினான்.

'பாய்க்கு காது கேட்காது. தறியில் தப்பு வராது. காது மிசின் வாங்கிக் குடுத்தால் பேத்தி கூப்புடுறதாவது கேட்கும்.'

வள்ளித்தாய் எட்டிப்பார்த்தாள். "ஏ அண்ணாச்சி, ஆபீஸ் பேப்பர்ல போயி இதயா எழுதுவாவ?"

"ஒதவி செய்யுதோம்னு அவ்வளவு பெரிய மனுசன் சொல்லுதாரு. பொய்யா சொல்லுவாரு?"

பத்தாம் நாள் ஒரு கார் வந்தது. ஏசி அறையில் இஸ்மாயிலின் தலையில் கறுப்பாக எதையோ மாட்டி, சத்தம் கேட்டால் கையைத் தூக்கச் சொன்னார்கள். மிஷின் வாங்க அளவெடுக்கிறார்கள் என்று இசக்கிப்பாண்டி கூடம் முழுக்கச் சைகையில் சொல்லிவைத்தான். அதற்கு மூன்றாம் நாள் இஸ்மாயிலை வேலைக்கு வரவேண்டாம் என்றார்கள்.

இசக்கிப்பாண்டி ஓடிய தறியை நிறுத்திவிட்டு ஆபீசுக்குப் போனான்.

"கோச்சு, அந்தப் பேப்பரக் குடுங்க. தெரியாம எழுதிட்டேன். கிழிச்சிப் போட்டுருதேன்."

"அது மெயில்ல போயிட்டு அண்ணாச்சி. நெருப்பு கிருப்பு புடிச்சா சைரன் கேக்காதுல்லா. அவரு பாதுகாப்புக்குத்தான்."

"இருவத்தாறு வருசம் இங்கனதான நின்னாரு? வேற எங்க போயி காதத் தொலைச்சாரு?"

மாரிராஜுக்குப் பழைய வார்த்தை ஒன்று பல்லிடுக்கு வரை வந்தது. விழுங்கிக்கொண்டு சட்டைப்பையிலிருந்து அட்டையை எடுத்தான்.

"இந்த முடிவப் பத்தி நீங்க எப்படி உணருதீய?" என்று வாசித்தான்.

பதில் வருமென்று பேனாவைத் திறந்து காத்திருந்தான். இசக்கிப்பாண்டி வெளியே வந்தான்.

வாசலில் இஸ்மாயில் தூக்குச்சட்டியைச் சைக்கிளில் மாட்டிக்கொண்டிருந்தார். இசக்கிப்பாண்டி முன்னால் போய் நின்றான். கை பாதிவரை எழும்பியது. நல்லது என்று நினைத்துத்தான் செய்தேன் என்பதற்கு அவர்களிடம் சைகை இல்லை.

"ஆபீஸ்ல காட்டுனாவ வே" என்றார் இஸ்மாயில், காது கேளாதவர்களுக்கே உரிய உரத்த குரலில். "எழுத்து குண்டு குண்டா நல்லாத்தான் இருக்கு. பேத்திகிட்ட காட்டணும், குடுங்கன்னு கேட்டேன். தரமாட்டேன்னுட்டாவ."

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். பின்னால் வந்த மினிபஸ் நாலு தரம் ஹாரன் அடித்துவிட்டு, ஒதுங்கிப் போனது.

அடுத்த மாசம் அறிவிப்புப் பலகையில் இசக்கிப்பாண்டியின் படத்தை ஒட்டி, அடியில் 'சிறந்த ஜோடி' என்று எழுதியிருந்தார்கள். பக்கத்தில் யாரும் இல்லாத படம். எதிர்த்தறிக்கு ராஜதுரை என்று ஒருவனைக் கரிவலம்வந்தநல்லூரிலிருந்து எடுத்திருந்தார்கள். இசக்கிப்பாண்டி இரண்டு விரல்களைச் சேர்த்துப் பிரித்துக் காட்டினால், அவனும் அப்படியே திருப்பிக் காட்டிச் சிரித்தான்.

இரண்டாவது கூட்டத்துக்கு ஏசி அறையின் கதவைச் சாத்தினார்கள். மாரிராஜ் அட்டையைப் பார்த்தான். பிறகு இசக்கிப்பாண்டியைப் பார்த்தான். மாரிராஜின் உதடுகள் அசைந்தன. ஒருதரம் அசைந்து நின்று, மறுபடி அசைந்தன. இசக்கிப்பாண்டியின் காதுக்குள் தறி ஓடிக்கொண்டிருந்தது. அறையில் எல்லோரும் அவன் பக்கம் திரும்பினார்கள். அவன் குனிந்து மேசைக்கடியில் பார்த்தான். அங்கே அவனுக்குக் காட்ட எந்தக் கையும் இல்லை.

ராஜதுரையின் கைகள் மேசைக்கு மேலே இருந்தன. புது ஃபாரத்தை விரித்து வைத்து, பேனா மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தான்.