ஃபெமியின் முழங்காலுக்கு ஒரு பூசை

ஃபெமி பலோகனை விற்றார்களா, மாற்றினார்களா, தள்ளிவிட்டார்களா என்று லண்டனின் வால்தம்ஸ்டோவில் ஏழு வருடமாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஹெரன்ஸ் கூடைப்பந்து அணியின் ரசிகர்கள் இரண்டு பேர் பஸ் தரிப்பில் சந்தித்தால் மூன்றாவது வசனத்தில் அந்த ட்ரேட் வந்துவிடும். இங்கிலாந்தில் கூடைப்பந்து பார்க்கிறவர்களே கொஞ்சம். அந்தக் கொஞ்சப் பேருக்கும் வாய் நீளம். கோப்பை வாங்கித் தந்தவனை இருபத்தேழு வயதில், சீசனின் நடுவில், வடக்கே ரயிலில் மூன்று மணித்தியாலத் தூரத்திலுள்ள ஒரு அணிக்குக் கொடுத்துவிட்டு இரண்டு பேரை வாங்கினார்கள். அந்த இரண்டில் ஒருவன் குளிர் தாங்காமல் ஈஸ்டருக்கு முன்பே தன் ஊருக்குப் பறந்துவிட்டான். மற்றவன் இருந்தான். அதற்கு மேல் அவனைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

இதைப் பற்றி வாயே திறக்காத ஒரே ஆள் பெனடிக்ற். அணியின் உடுப்புப் பொறுப்பாளர். சேர்ட், காற்சட்டை, துவாய், தண்ணீர்ப் போத்தல், ஐஸ் பை எல்லாம் பதினாறு வருடமாக அவர் கையில்தான். வயது அறுபத்தொன்று. மன்னாரிலிருந்து அகதியாக வந்து, குரோய்டன் குடிவரவு அலுவலகத்தில் வரிசையில் நின்று, ஏதேதோ வேலைகள் பார்த்துக் கடைசியில் இங்கே ஒதுங்கியவர். டிக்கெட் பகுதியில் வேலை செய்யும் றொசாந்தி அவருடைய கத்தோலிக்கப் பங்குக் கோவில் பிள்ளை. அவள் “அண்ணை” என்று கூப்பிடுவதைக் கேட்டுக்கேட்டு, நைஜீரியப் பெடியன், லிதுவேனியாப் பெடியன் என்று பேதமில்லாமல் அணி முழுக்க அவரை அண்ணை ஆக்கிவிட்டது.

இப்போது கிளப்புக்குப் புது முதலாளிகள். பழைய பாவத்தைக் கழுவ அவர்களுக்கு ஆசை. ஃபெமியைக் கூப்பிட்டு, அவன் போட்ட எட்டாம் இலக்கச் சேர்ட்டை அரங்கின் கூரையில் ஏற்றப் போகிறார்களாம். இனி யாரும் அந்த இலக்கத்தைப் போடமாட்டார்கள். செய்தி வந்த அன்றே ஃபெமி போன் எடுத்தான். “அண்ணை, முதல்ல உங்கட பேரைத்தான் சொல்லப் போறன்,” என்றான். ஸ்பீக்கரில் போட்டிருந்தபடியால் மனைவி கிளறிற்றாவும் கேட்டுவிட்டாள். அன்றிலிருந்து சேலைக்குச் சட்டை தைக்கக் கொடுத்ததும், பங்கில் பாதிப் பேருக்குச் சொல்லி முடித்ததும் அவளுடைய வேலை. பெனடிக்ற் ஓம், ஓம் என்று தலையாட்டிக்கொண்டு திரிந்தார். அவருக்குக் களைத்துப்போயிருந்தது. ஒரு விசயத்தை வாய்க்குள் அடக்கிக்கொண்டு ஏழு வருடம் சிரித்துத் திரிந்தால் எந்த மனிதனுக்கும் களைக்கும்.

அவனை மாற்றிய அந்த வருடம் ஜனவரியில் ஃபெமியின் வலது முழங்கால் உள்ளுக்குள் பழுதாகியிருந்தது. அணியின் வைத்தியருக்குத் தெரியாது. மார்ச்சில் மூன்று வருட ஒப்பந்தம் ஒன்று வரவிருந்தது. கையெழுத்து விழும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு ஆடுவது, பிறகு கோடையில் சத்திரசிகிச்சை செய்வது என்பது அவனுடைய திட்டம். விசயம் தெரிந்தவர்கள் மூன்று பேர். ஃபெமி. வெளியூர் ஆட்டங்களில் அவனோடு ஒரே அறையில் தங்குகிற, அவன் கலியாணத்துக்கு மாப்பிள்ளைத் தோழனாக நிற்கவிருந்த ஜோயல். ஆட்டம் முடிந்ததும் உடுப்பறைக் கதவைச் சாத்திவிட்டு ஐஸ் பை கட்டிவிடுகிற பெனடிக்ற்.

பெனடிக்ற் ஒருவரிடமும் சொல்லவில்லை. மனைவியிடம் மட்டும் சொன்னார்; மனைவியிடம் சொல்வதைச் சொன்னதாக யார் நினைக்கிறார்கள்? ஆனால் கிளறிற்றா கேட்டுவிட்டுச் சும்மா இருக்கிற ஆள் இல்லை. ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பூசைக்கு ஒரு கருத்து எழுதிக் கொடுத்தாள். இந்தப் பூசை இன்னாருக்காக, இன்ன காரியத்துக்காக ஒப்புக்கொடுக்கப்படுகிறது என்று சாமியார் தொடக்கத்தில் வாசிப்பாரே, அந்தத் துண்டு. சோதனை பாஸாக, விசா கிடைக்க, செத்தவரின் ஆன்மா இளைப்பாற என்று எல்லாமே அந்த வழியால்தான் மேலே போகும். மற்றவர்கள் ‘ஒரு நோயாளியின் சுகத்துக்காக’ என்று எழுதிவிட்டுப் போவார்கள். கிளறிற்றாவுக்கு அது போதாது. உலகத்தில் எத்தனை நோயாளிகள், ஆண்டவர் ஆள் மாறிவிடக்கூடாது அல்லவா? முழுப்பெயர், அணியின் பெயர், எந்தக் கால் என்பது வரை எழுதினாள்.

“ஹெரன்ஸ் கூடைப்பந்து வீரர் ஃபெமி பலோகன் அவர்களின் வலது முழங்கால் வலி குறைந்து, கோடைகாலச் சத்திரசிகிச்சை நல்லபடி நடைபெற, பெனடிக்ற் குடும்பத்தினர்,” என்று சாமியார் ஒலிவாங்கியில் நிறுத்தி நிதானமாக வாசித்தார். மூன்றாவது வாங்கில் இருந்த பெனடிக்ற் திரும்பித் திரும்பிப் பார்த்தார். பிறகு, இது தமிழ்ப் பூசைதானே, கூடைப்பந்துக்காரர் யார் இங்கே இருக்கிறார்கள் என்று தன்னைத் தேற்றிக்கொண்டார்.

றொசாந்தி இருந்தாள். நல்ல மனசுக்காரி. திங்கட்கிழமை காலை மனேஜரைப் படியில் கண்டதும், “ஃபெமியின்ர முழங்கால் இப்ப எப்பிடி? கோடையில ஒப்பரேசன் எல்லோ? நேற்றுக் கோவில்ல நாங்கள் எல்லாரும் செபிச்சனாங்கள்,” என்று ஆங்கிலத்தில் அக்கறையாக விசாரித்தாள். மனேஜர் நன்றி சொன்னார். தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினார். அந்த லீக்கில் வீரர்களை மாற்றும்போது உடற்பரிசோதனை என்பது படிவத்தில் ஒரு கையெழுத்து மட்டும்; காலை யாரும் தொட்டுப் பார்ப்பதில்லை. வியாழக்கிழமை ஃபெமி வடக்கே போகப் பை கட்டினான்.

அன்று பின்னேரம் றொசாந்தி தேத்தண்ணிக் கோப்பையோடு வந்து, “நான் மனேஜரிட்டையும் கேட்டனான் அண்ணை, அவர் ஒண்டும் சொல்லேல்லை. சுகமில்லாத பிள்ளையைப் போய் அனுப்பிப்போட்டினமே, பாவியள்,” என்று கவலைப்பட்டாள். அவளுக்கு இரண்டையும் முடிச்சுப் போடத் தெரியவில்லை. பெனடிக்ற்றுக்கு அந்த நிமிடமே எல்லாம் விளங்கிவிட்டது.

வடக்கே பதினோராவது ஆட்டத்தில் ஃபெமியின் முழங்கால் போய்விட்டது. புது அணி அவனை ஏமாற்றுக்காரன் என்றது. பிறகு சின்னச் சின்ன அணிகளில் ஐந்து வருடம் நொண்டிக்கொண்டு ஆடினான். யாரோ காட்டிக்கொடுத்தது அவனுக்குத் தெரியும். யார் என்பதிலும் அவனுக்குச் சந்தேகமில்லை. கலியாணத்தில் ஜோயலின் இடத்தில் ஒரு மச்சான் நின்றான். பெனடிக்ற்றும் கிளறிற்றாவும் அந்தக் கலியாணத்துக்குப் போனார்கள். ஜோயல் தலைதலையாய் அடித்துச் சத்தியம் பண்ணினானாம். ஃபெமி நம்பரை மாற்றிவிட்டான். இப்போது ஜோயல் குரோய்டனில் ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியர் என்று கேள்வி.

பாவசங்கீர்த்தனத்தில் பெனடிக்ற் சொல்லத்தான் செய்தார். சாமியார் மூன்று செபமாலை சொல்லச் சொன்னார், அந்தப் பெடியனிடம் உண்மையையும் சொல்லச் சொன்னார். செபமாலையை அன்றே சொல்லி முடித்தார். மற்றதற்கு வாய் வரவில்லை. சொன்னால் கிளறிற்றாவின் துண்டு வெளியே வரும். அவள் அதைத் தாங்கமாட்டாள். அப்படித்தான் தனக்குச் சொல்லிக்கொண்டார். ஃபெமி தன்னை வெறுப்பான் என்கிற பயமும் அதற்குள் இருந்தது. அதை அவர் சாமியாரிடம்கூடச் சொல்லவில்லை.

சனிக்கிழமை மூன்று மணி ஆட்டத்துக்கு ஃபெமி ஒரு மணிக்கே வந்துவிட்டான். தாடியில் நரை எட்டிப் பார்த்தது. உடுப்பறை வாசலில் குனிந்து உள்ளே வந்து, பெனடிக்ற்றைக் கட்டிப்பிடித்துவிட்டு, வலது காலை மடிக்காமல் நீட்டிக்கொண்டு வாங்கில் இருந்தான். அவன் பேசியது ஆங்கிலம்தான். ஆனால் இந்தப் பெடியளின் ஆங்கிலத்தை மனதுக்குள் தமிழாக்கிக் கேட்டே பழகியவர் பெனடிக்ற். இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

“எழுதிக்கொண்டு வந்திருக்கிறன் அண்ணை. முதல் வரி நீங்கள்தான்.”

கடதாசியை நீட்டினான். பெனடிக்ற் வாங்கவில்லை.

“ஜோயல் வாறானோ?”

“கிளப்பில கேட்டவை. அவன் வந்தா நான் வரமாட்டன் எண்டு சொல்லிப்போட்டன்.”

“இன்னும் கோவமோ?”

“முழங்கால் விசயம் தெரிஞ்சது மூண்டு பேருக்கு. நான் சொல்லேல்லை. நீங்கள் செத்தாலும் சொல்லமாட்டியள். மிச்சம் ஆர்?”

இதே வசனத்தைக் கலியாண வீட்டிலும் சொன்னான். அப்போது பெனடிக்ற்றின் கையில் சோற்றுக் கோப்பை இருந்தது. வாய்க்குள் சோறு இருந்தது. இன்றைக்கு இரண்டும் இல்லை. இவன் மேடையில் ஏறித் தன் பெயரை முதலில் சொல்லிவிட்டால், அதற்குப் பிறகு ஆயுளுக்கும் சொல்ல முடியாது. ஜோயல் செத்தாலும் துரோகியாகத்தான் சாவான்.

“நான்தான் தம்பி,” என்றார்.

ஃபெமி சிரித்தான். பெனடிக்ற் சிரிக்கவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். பூசை, துண்டு, சாமியார் வாசித்தது, றொசாந்தி படியில் கேட்டது, மனேஜர் கதவைச் சாத்தியது.

“கோவில்லயோ? என்ர பேரைச் சொல்லியோ?”

“ஓம். வலது கால் எண்டும் போட்டு.”

“ஆர் எழுதினது?”

“நான்.”

சொன்ன உண்மை அவ்வளவுக்குள்ளும் பொய் அது ஒன்றுதான். ஃபெமி நீட்டியிருந்த காலைக் கையால் தடவினான்.

“எப்ப தெரியும் உங்களுக்கு?”

“நீ பை கட்டின அண்டைக்கே.”

“என்ர கலியாணத்துக்கு வந்தியள்.”

“ஓம்.”

“ஜோயல் எங்கை எண்டு அம்மா கேட்டு அழுதவ. நீங்கள் பக்கத்தில நிண்டு அவவுக்குத் தண்ணி எடுத்துக் குடுத்தியள்.”

“ஓம்,” என்றார் பெனடிக்ற்.

ஃபெமி எழும்பினான். அடிக்கப் போகிறான் என்றே பெனடிக்ற் நினைத்தார். அடித்தால் நல்லது என்றும் நினைத்தார்.

“செபிச்சதுக்கு ஆரும் கோவிக்கேலாது அண்ணை. என்ர அம்மாவும் அதைத்தான் செய்திருப்பா. ஆனா அவன் என்னட்டை அழுதழுது சொன்னவன். நான் நம்பேல்லை. ஏழு வருசமா நீங்கள் அதைப் பார்த்துக்கொண்டு இருந்தியள்.”

கடதாசியை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே போனான். பெனடிக்ற் அன்றைய ஆட்டத்துக்கான துவாய்களை எடுத்து அடுக்கத் தொடங்கினார். மனம் லேசாகும் என்று சொல்வார்களே, ஆகவில்லை. களைப்புத்தான் இரண்டு மடங்கானது.

இடைவேளையில் விளக்கைத் தணித்து, எட்டாம் இலக்கச் சேர்ட்டைக் கயிற்றில் மெல்ல ஏற்றினார்கள். சனம் எழும்பி நின்று கைதட்டியது. இரண்டாவது வரிசையில் கிளறிற்றா புதுச் சட்டையும் மயில்நீலச் சேலையுமாய்ப் போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். ஃபெமி மைக் முன்னால் வந்தான். கடதாசியை எடுக்கவில்லை.

“இண்டைக்கு இங்கை ஒரு ஆள் இல்லை,” என்றான். “கூப்பிட வேண்டாம் எண்டு சொன்னது நான். ஜோயல் எனக்கு ஒரு துரோகமும் செய்யேல்லை. நான்தான் அவனுக்கு அநியாயம் செய்தனான். இது முடிஞ்ச கையோட அவன்ர வீட்டு வாசல்ல போய் நிக்கப் போறன். கதவு திறப்பானோ தெரியாது.”

சனத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை; என்றாலும் கைதட்டினார்கள். பிறகு பயிற்சியாளருக்கு நன்றி சொன்னான். சத்திரசிகிச்சை செய்த வைத்தியருக்கு, மனைவிக்கு, தாய்க்கு, அணியின் பஸ் ஓடிய கிழவருக்கு, வாசலில் டிக்கெட் கிழிப்பவர்களுக்கு என்று ஒருவரையும் விடாமல் சொன்னான். பெனடிக்ற் வீரர்கள் வருகிற வழியில் தண்ணீர்ப் போத்தல்களோடு நின்று கடைசிப் பெயர் வரைக்கும் கேட்டார். ஃபெமி மைக்கை வைத்துவிட்டு, அவர் நின்ற பக்கம் பார்க்காமல், மற்றப் பக்கத்தால் இறங்கிப் போனான்.

கிளறிற்றா படியிறங்கி வந்தாள். முகம் சிவந்திருந்தது.

“இஞ்சாருங்கோ, பஸ் ஓடின மனிசன்ர பேரைக்கூடச் சொன்னவன். உங்களை மறந்திட்டானே?”

“மறக்கேல்லை.”

“அப்ப நீங்கள்தான் வேண்டாம் எண்டிருப்பியள். உங்கட குணம் எனக்குத் தெரியாதோ?”

ஓம் என்று சொன்னால் போதும். பின்வரிசையில் இருக்கிற பங்குச் சனத்துக்கும் அவளே அதைப் பெருமையாகச் சொல்லி முடித்துவிடுவாள்.

“இல்லை கிளறிற்றா. நான் பெரிய பிழை ஒண்டு செய்திட்டன். ஆற்றையோ தலையில பழி விழுந்ததைப் பார்த்துக்கொண்டு ஏழு வருசம் வாயை மூடிக்கொண்டு இருந்தனான். அவன் என்ர பேரை விட்டது சரி.”

அவள் அவரையே பார்த்தாள். என்ன பழி, யார் தலையில் என்றெல்லாம் கேட்கவில்லை. கையிலிருந்த போனை அணைத்துக் கைப்பைக்குள் வைத்தாள்.

“ஏழு வருசமா ஒரே வீட்டில இருக்கிறம்,” என்றாள். “எனக்குக்கூடச் சொல்லேல்லையே. ஏனப்பா?”

அவள் தன் கையால் எழுதிய அந்தத் துண்டை மட்டும் இன்னும் வாய்க்குள் அடக்கிக்கொண்டு, பெனடிக்ற் தண்ணீர்ப் போத்தல்களைத் தூக்கினார்.