குடை பிடித்த வாத்து

லென்கா இறந்த மறு வருடம், கல்லறைத் திருநாளுக்காக அவள் அம்மா ரேஸ்கா சுட்ட அக்ரூட் ரொட்டியை அறுத்தபோது உள்ளே லென்கா இருந்தாள். ஆறு வயதில் தொண்டை அடைப்பான் கண்டு போன பிள்ளை, ரொட்டிக்குள் ஏழு வயதாகி, முன்பல் ஒன்று விழுந்து, நேராகப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். மாவைத் துணி போல மெல்லிசாகத் தேய்த்து, அரைத்த அக்ரூட்டும் தேனும் பூசி, பாய் மாதிரிச் சுருட்டி, நீள அச்சில் வைத்துச் சுடுகிற ரொட்டி அது. எங்கள் ஸ்லோவேனிய மலைப்பக்கத்தில் இலையுதிர் காலம் வந்தால் எல்லார் வீட்டு அடுப்பிலும் அதுதான் வேகும். அறுத்தால் நத்தை ஓட்டுச் சுழி தெரியும். ரேஸ்கா வீட்டில் மட்டும் அந்தச் சுழி கன்னமும் காதுமாக வளைந்து, தேன் ஊறிக் கருத்த இடம் தலைமுடியாகியிருந்தது. அந்த வருடம் அக்ரூட் நல்ல விளைச்சல், விலை மலிவு. மழைதான் கொஞ்சம் முந்திவிட்டது.

கல்லறைத் திருநாள் ரொட்டியை வீட்டுக்குள் முடக்கி வைக்கக் கூடாது, வாசலுக்கு வருகிறவர்களுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்பது ஊர் வழக்கம். பங்குச் சாமியார் வந்து ஒரு துண்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிள்ளைக்கு ஞானஸ்நானம் ஆகியிருக்கிறதா என்று கேட்டார், ஆகியிருக்கிறது என்றதும் சாப்பிட்டார், இன்னொன்றும் கேட்டு வாங்கினார். பக்கத்து வீட்டு விதவை மிட்சிதான் துண்டை வாங்கிக்கொண்டு கடிக்காமல் நின்றாள்.

"புள்ள மூஞ்சிய எப்படிடி கடிக்கிறது?"

"சாப்பிடுங்கக்கா. நேத்து முழுக்க ஒண்ண எடுத்து வச்சுப் பாத்தேன், ஓரத்துல ஈரம் கோத்துக்கிச்சு. பூஞ்சை பிடிச்சா அதைப் பாத்துக்கிட்டு இருக்க என்னால முடியாது."

மிட்சி கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டாள். நன்றாகத்தான் இருந்தது என்று பிறகு எல்லாரிடமும் சொன்னாள்.

அதிலிருந்து ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் லென்கா ஒரு வயது கூடி வந்தாள். வருடத்துக்கு ஒரு தரம், ரொட்டி தீரும்வரை. பல் முளைத்தது, அம்மை வந்து போன தழும்பு தெரிந்தது, சடை நீண்டது. வெளியூரில் வேலைக்கு இருக்கும் பிள்ளையைப் பற்றி விசாரிப்பது போல ஊர்க்காரர்கள் சந்தையில் ரேஸ்காவை நிறுத்தி விசாரித்தார்கள். "வளந்துட்டா. மூக்குதான் அப்பா மாதிரி ஆயிட்டு வருது" என்பாள் ரேஸ்கா. "அந்த மூக்க வச்சுக்கிட்டு மாப்பிள்ளை கெடச்ச மாதிரிதான்" என்பாள் மிட்சி. மாவரைக்கும் ஆலைக்காரன் மகன் ஒருவன் இரண்டு வருடம் வாசலில் முதல் ஆளாக வந்து நின்றான். வாங்கிய துண்டைச் சாப்பிடாமல் சட்டைக்குள் வைத்துக்கொண்டு போனான். பிறகு அமெரிக்காவுக்குக் கப்பலேறிவிட்டான். ரேஸ்கா யாரையும் குறை சொல்லவில்லை. வருடம் முழுக்க அந்த ஒரு நாளுக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தாள், அவ்வளவுதான்.

அதற்கு முன்னால் அவளுக்கு வேறொரு பைத்தியம் இருந்தது. அவள் புருஷன் லோய்ஸே தேனீ வளர்ப்பவன். தேன்பெட்டிகளின் முகப்பலகையில் படம் எழுதி வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். தேனீ தன் பெட்டியை அடையாளம் கண்டு திரும்புவதற்கு. ரேஸ்கா அதை ஆசைக்குச் செய்தாள். வேட்டைக்காரனின் பாடையைக் கரடிகள் தூக்கிப் போவதும், பெண்டாட்டியின் நாக்கைச் சாணை பிடிப்பதும் எல்லாரும் எழுதுகிற படங்கள். குடை பிடித்துக்கொண்டு பூசைக்குப் போகிற வாத்து அவள் மட்டும் எழுதியது. எந்த வீடு உன்னுது என்று யார் கேட்டாலும் லென்கா, "வாத்து குடை பிடிக்கிற வீடு" என்பாள். மலை மேய்ச்சலிலிருந்து தனியாக இறங்கும்போதும் அந்த வாத்தைப் பார்த்துத்தான் திரும்புவாள். வந்ததும் ஆறாத ரொட்டியின் ஓரத்துண்டை விரல் சுடச் சுட அறுத்துக்கொண்டு ஓடுவாள். அவள் இருந்தவரை வேறு யாருக்கும் அது கிடைத்ததில்லை. அவளைப் புதைத்துவிட்டு வந்த மறுநாள், அந்தப் படங்களைப் பார்க்கப் பொறுக்காமல் ரேஸ்கா கத்தியை எடுத்து எல்லாப் பலகையையும் வெறும் மரமாகச் சுரண்டினாள். தூரிகைகள் பரண் ஏறின. ஓரத்துண்டு கோழிகளுக்குப் போயிற்று.

லென்காவுக்குப் பதினெட்டு வயதான வருடம் ரொட்டியை அறுத்தபோது, அவள் நேராகப் பார்க்கவில்லை. முதல் துண்டில் இடப்பக்கம் பார்த்தாள். அறுக்க அறுக்க முகம் வலப்பக்கம் திரும்பிக்கொண்டே போயிற்று. நடுத்துண்டுகளில் வெயிலுக்கு மறைப்பது போலப் புருவத்தின் மேல் கை வைத்திருந்தாள். கடைசித் துண்டுகளில் முதுகுதான், சடைதான்.

"யாரையோ வழி கேக்கப் போறா பாரு" என்றாள் மிட்சி.

லோய்ஸே துண்டுகளை மேசைமேல் வரிசையாக வைத்து நெடுநேரம் பார்த்தான். "நாம பலகையச் சுரண்டின வருஷம் தேனீயெல்லாம் இப்படித்தான் சுத்துச்சு" என்றான். "வீடு தெரியாம."

இத்தனை வருடமும் மகள் தன்னைப் பார்க்க வருகிறாள் என்றுதான் ரேஸ்கா நினைத்திருந்தாள். பிள்ளை வழி தெரியாமல் அலைந்துகொண்டிருக்கிறாள் என்று நினைத்ததே இல்லை.

பரணிலிருந்து தூரிகைகளை இறக்கினாள். மயிர் உதிர்ந்திருந்தது, பூனை வாலிலிருந்து கத்தரித்துப் புதிதாகக் கட்டினாள். செங்கல்லைப் பொடித்து ஆளிவிதை எண்ணெயில் குழைத்தாள். லோய்ஸே மெதுவாகக் கேட்டான்.

"அவ மொகத்தையே எழுதிடேன், ரேஸ்கா. அது பூஞ்சை பிடிக்காதுல்ல. எப்பவும் பாத்துக்கிட்டு இருக்கலாம்."

"மொகத்த எழுதினா அது நமக்கு. வாத்த எழுதினாத்தான் அவளுக்கு."

"வீடு தெரிஞ்சிட்டா, அப்புறம் ரொட்டிக்குள்ள வருவாளா?"

"எதுக்கு வரணும்? அதான் வீடு தெரிஞ்சிடுமே."

அப்படிச் சொன்னாளே தவிர, பலகையைச் சாய்த்து வைத்துவிட்டு இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். கை பழக்கம் விட்டுப்போயிருந்தது. முதல் வாத்து கோழி மாதிரி வந்தது, இரண்டாவதன் குடை காளானாகிவிட்டது. குளிர்காலம் முழுக்க எழுதினாள், அழித்தாள். மதியம் அடுப்பில் குழம்பு தீய்ந்ததுகூடத் தெரியவில்லை. அந்த நேரங்களில் தனக்குச் சந்தோஷமாக இருந்ததைப் பின்னால் மிட்சியிடம் கூச்சத்தோடு ஒத்துக்கொண்டாள். பனி உருகியதும் லோய்ஸே அந்தப் பலகையைச் சாலையைப் பார்த்த பெட்டியில் பொருத்தினான்.

அந்த இலையுதிர் காலத்தில் அக்ரூட் சுமார்தான். ரேஸ்கா ரொட்டியை அடுப்பிலிருந்து எடுத்து அச்சைக் கவிழ்த்தாள். ஒரு முனையில் ஓரத்துண்டு இல்லை. கத்தியால் அறுத்த மாதிரி, விரல் சுட்டுத் தடுமாறியதில் கொஞ்சம் கோணலாக அறுபட்டிருந்தது. மிச்ச ரொட்டியை அறுத்தபோது உள்ளே அக்ரூட்டும் தேனும் போட்ட வெறும் சுழி. கடைசிவரை அறுத்துப் பார்த்தாள்.

மிட்சி வாசலில் நின்று எட்டிப் பார்த்தாள்.

"வந்துட்டாளா?"

"வந்துட்டாக்கா."

"மொகம்?"

"தெரியல. இனிமே தெரியாது."

மிட்சி உள்ளே வந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். இருவரும் ஆளுக்கொரு துண்டு எடுத்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு ஊரில் யாரும் லென்காவைப் பற்றி விசாரிப்பதில்லை. வீட்டோடு இருக்கிற பிள்ளையை யார் விசாரிப்பார்கள்? ரேஸ்கா இப்போது அக்கம்பக்கத்துப் பெட்டிகளுக்கும் படம் எழுதிக் கொடுக்கிறாள். ஒவ்வொரு வருடமும் ரொட்டி ஓரத்துண்டு இல்லாமல்தான் அச்சிலிருந்து வருகிறது. அதற்காக மாவை ஒரு பிடி கூட்டிப் பிசைகிறாள்.