நாற்பத்தொன்றாம் பக்கத்துப் பனி

"14.12.1993. பக்கம் நாற்பத்தொன்றில் பனியை மழை என்று எழுதிவிட்டேன். தெரிந்தே செய்த தவறு. திருத்தவில்லை."

முந்தாநாள் கனகவல்லி டைரியில் எழுதியது அது. இன்று காலை சேலையூர் வீட்டுக் கூடத்தில், இரவு இறந்துபோன அப்பா துரைராஜின் தலையைத் தாங்கிப் பிடித்திருந்தாள். விடிந்த பிறகுதான் நாக்பூரிலிருந்து வந்து சேர்ந்த அண்ணன் ஜெயவேலு, அவருக்குப் புதுச் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தான்.

"உன் லெட்டரைக் கேட்டுக் கேட்டுத்தான்டா ஒரு மாசம் ஓட்டுனாரு," என்றார் சித்தப்பா ஏகநாதன். "மழையில அந்த ஸ்டேஷன்ல தனியா நின்னேன், நான் யாருன்னு அங்கதான் தெரிஞ்சுதுன்னு எழுதியிருந்தியே, எனக்கே அழுகை வந்துடுச்சு."

ஜெயவேலு தங்கையைப் பார்த்தான். அவள் சட்டைப் பொத்தானைப் போட்டாள்.

"ஏதோ எழுதினேன் சித்தப்பா."

அவன் எழுதியது ஒரே ஒரு இன்லண்ட் லெட்டர். லீவு கிடைக்கவில்லை என்று நாலு வரி. கண் தெரியாத அப்பா அடுத்த கடிதத்தைத் தினமும் கேட்டார். மாலைக் கல்லூரிப் பாடத்துக்காகக் கனகவல்லி ஒரு போலந்து நாவலை ஆங்கிலம் வழியே மொழிபெயர்த்துக்கொண்டிருந்தாள். ஊர் ஊராக ரயிலேறித் தன்னையே தேடிப் போகும் ஒரு பெண்ணின் கதை. அதை எடுத்து, 'அவள்' என்ற இடத்திலெல்லாம் 'நான்' போட்டு, அண்ணன் கடிதம் என்று படித்தாள். வார்சா நாக்பூர் ஆனது. பனிக்குத்தான் வழியில்லை; நாக்பூரில் பனி கொட்டாது, மழையாக்கினாள்.

"எம் புள்ளைக்கு என்னமா எழுத வருது! நீயுந்தான் காலேஜுக்குப் போற," என்றார் அப்பா. அன்று அவள் சாப்பிடவில்லை.

"கனகா, அண்ணன் லெட்டரையெல்லாம் அப்பா நெஞ்சுல வெச்சுடும்மா," என்றாள் அம்மா.

அலமாரியில் இன்லண்டும் இருந்தது, அவளுடைய நாற்பத்தாறு தாள்களும் இருந்தன. வேறு பிரதி இல்லை. இன்லண்டை மட்டும் வைத்தாலே போதும். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. இன்லண்டைக் கையில் எடுத்தவள், அதை டைரிக்கு அடியில் தள்ளினாள். தாள்களை மடித்து அப்பாவின் சட்டைக்குள் வைத்தாள்.

"ஏய், இது உன் கையெழுத்து," என்றான் ஜெயவேலு, மெதுவாக.

"நீ எழுதினதுதாண்ணா. எல்லாருக்கும் தெரியுமே."

சாயங்காலம், கழுவிவிட்ட கூடம் காய்ந்த பிறகு, டைரியைத் திறந்தாள்.

"16.12.1993. நாளைய வேலை: முதல் பக்கத்திலிருந்து மறுபடி எழுத வேண்டும். 'அவள்' என்றே. பக்கம் நாற்பத்தொன்றில் பனி."