ஆலாத்திட்டில் விழா

பறவை விழாவை அந்த மணல்திட்டில் மட்டும் வைத்துவிடாதீர்கள் என்று இசபெல்லா மறுபடியும் சொன்னபோது, கிருபாநிதி சார் சிரித்த முகம் மாறாமல் வடைத் தட்டை அவள் பக்கம் நகர்த்தினார்.

"முதல்ல சாப்பிடுங்கம்மா. எதுக்கு இவ்வளவு பதட்டம்?"

கல்லூரியில் விலங்கியல் நடத்தி ஓய்வு பெற்றவர் அவர். நாசரேத்துக்காரர். தூத்துக்குடியில் முத்துக்கரை இயற்கை மன்றம் என்று ஒன்று நடக்கிறதென்றால் அது அவர் அலைச்சலால் நடக்கிறது. மழைக்குப் பிறகு உப்பளங்களில் பூநாரை இறங்கினால் ஊருக்கெல்லாம் போன் போட்டுச் சொல்வார். யாரையும் கடிந்து பேசமாட்டார். அப்படிப்பட்ட மனிதரிடம் சண்டை போடுவதற்கு ஒரு பிடி கிடைக்காமல் இசபெல்லா திணறினாள்.

"சார், ஆலா வெறும் மணல்லதான் முட்டை போடும். பக்கத்துல போனாலும் கண்ணுக்குத் தெரியாது."

"எனக்குத் தெரியாதாம்மா? எத்தனை வருஷம் அந்தப் பாடத்த நடத்தியிருக்கேன்!"

"தெரிஞ்சேதான் அங்கன பஸ் பஸ்ஸா ஆளக் கொண்டுவந்து இறக்கப் போறீங்களா?"

"கண்ணால பாத்தாத்தான் ஜனங்களுக்கு ஒரு பாசம் வரும். பாக்காத பறவையை யாரும்மா காப்பாத்துவா? கயிறு கட்டியிருக்கீங்கல்லா, அதுக்கு வெளியே நின்னு பாப்பாங்க. அது என் பொறுப்பு."

சுற்றி உட்கார்ந்திருந்த மன்றத்தார் தலையாட்டினார்கள். பேனருக்கு எந்தப் படம் போடலாம் என்று பேச்சு மாறிவிட்டது. இசபெல்லா வடையைத் தொடாமல் எழுந்து வந்தாள்.

துறைமுகச் சாலையில் ஒரு க்ளியரிங் ஏஜென்ட் அலுவலகத்தில் அவளுக்கு வேலை. வருகிற கன்டெய்னர்களுக்குச் சுங்கக் காகிதங்களைத் தயார் செய்ய வேண்டும். கணவன் வளன் கப்பலில் இருந்தான். அவனுடைய ஊர் புன்னைக்காயல். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு அவள் அங்கே போவதுண்டு. தவக்காலத்தில் ஒரு ஞாயிறு, பூசை முடிந்து பைனாகுலரோடு ஆற்றுமுகம் வரை நடந்தபோதுதான் அந்த ஆலாக்களைப் பார்த்தாள். தாமிரபரணி கடலில் விழுகிற இடத்தில், ஆறு கொண்டுவந்து கொட்டிய மணல்திட்டு. அதன்மேல் சின்ன ஆலாக்கள். வெள்ளை உடம்பு, கறுப்புத் தொப்பி, மஞ்சள் அலகு. ஆண் ஒன்று நெத்திலி போன்ற ஒரு மீனைக் கவ்விக்கொண்டு வந்து பெண்ணின் முன்னால் நின்றது. பெண் அதை வாங்குவதா வேண்டாமா என்று பிகு பண்ணியது. இசபெல்லா தனியாக நின்று சிரித்தாள்.

சிரிப்பு அன்றோடு சரி. அந்தத் திட்டில்தான் ஊர்க்காரர்கள் வலை காயப்போடுவார்கள், கருவாடு உலர்த்துவார்கள். அவள் ரெக்சனைத் தேடிப் போனாள். வளனுக்குச் சித்தப்பா மகன். சொந்தமாகப் படகு வைத்திருந்தான். ஊர்க் கமிட்டியிலும் இருந்தான்.

"நல்லாருக்கே மதினி," என்றான் அவன். "இன்னைக்கு நீங்க குருவிம்பீங்க. நாளைக்கு ஆபீஸர் வந்து இங்கன கால் வைக்காதம்பான். பொறவு நாங்க வலைய எங்கன காயப் போடுததுக்கு?"

"எந்த ஆபீஸரும் வரமாட்டான். குஞ்சு பறக்குத மட்டும் பொறுத்துக்கோ. நான் பொறுப்பு."

"நீங்க தூத்துக்குடில இருந்துக்கிட்டு எப்படிப் பொறுப்பு?"

அப்படிக் கேட்டான். ஆனாலும் ரெக்சன் இறங்கி வந்தான். பழைய வலைக்கயிற்றையும் சவுக்குக் கம்புகளையும் அவனே சுமந்து வந்து, நாய் நுழையாதபடி திட்டைச் சுற்றிக் கட்டிக் கொடுத்தான். வலைகள் வேறிடம் போயின. அவன் மனைவி எமில்டா தலையில் கருவாட்டுக் கூடையோடு சுடுமணலில் சுற்றிக்கொண்டு போனாள். 'ஒங்க ஆலாவுக்கு ராஜ மரியாதைதான் போங்க' என்று முணுமுணுத்தாள். ஆனால் சுற்றித்தான் போனாள். இதையெல்லாம் இசபெல்லா மன்றத்தில் சொல்லப்போய்த்தான் விழாப் பேச்சே எழுந்தது.

விழா ஈஸ்டர் கழிந்து ஒரு சனிக்கிழமையில் வந்தது. அன்றைக்கென்று பார்த்து ஒரு கப்பலின் சரக்குக்குக் காகிதத்தில் ஏதோ தகராறு. இசபெல்லா அலுவலகத்தை விட்டுக் கிளம்பவே வெயில் ஏறிவிட்டது. புன்னைக்காயல் பஸ்ஸில் நின்றுகொண்டே போனாள். ஆத்தூர் தாண்டும்போது மன்றத்தின் வாட்ஸப் குழுவில் படங்கள் வர ஆரம்பித்தன. ஒரே நிறத்தில் பனியன் போட்ட மாணவர்கள், நிரம்பிய சாக்குகள், உயர்த்திய கட்டை விரல்கள்.

ஊருக்குள் இறங்கி ஆற்றுமுகத்துக்கு ஓட்டமும் நடையுமாகப் போனாள். தூரத்திலேயே சத்தம் கேட்டது. ஒலிபெருக்கியை மீறிக்கொண்டு ஆலாக்கள் கத்தின. அத்தனையும் வானத்தில் நின்றன. ஒன்றுகூடக் கீழே இல்லை.

கயிற்றைக் காணவில்லை.

சேகரித்த குப்பையைக் கரையில் ஒரு குவியலாகக் குவித்திருந்தார்கள். அதன் உச்சியில் ரெக்சனின் கயிறு அழகாகச் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. சவுக்குக் கம்புகள் இரண்டில் பேனர் கட்டியிருந்தது. 'கடலோரப் பறவைகளைக் காப்போம்.'

"இந்தக் கயித்த அவுத்தது யாரு?" என்று கேட்டாள்.

கையுறை போட்ட ஒரு மாணவி முன்னால் வந்தாள். "நாங்கதான் மேடம். நைலான் கயிறு. ஆமை கழுத்துல மாட்டிரும்னு க்ளாஸ்ல சொல்லியிருக்காங்க."

அந்தப் பிள்ளை சொன்னதில் என்ன தப்பு? யார் அதனிடம் இது வேலி என்று சொன்னார்கள்? இசபெல்லா வாய்வரை வந்த வசவை விழுங்கினாள். திட்டைப் பார்த்தாள். அங்கும் இங்குமாக மாணவர்கள். ஒரு கூட்டம் குனிந்து எதையோ போனில் படம் பிடித்தது.

"ஏலே! யாரும் அசையாதீங்க!" என்று கத்தினாள்.

அசையவில்லை. எல்லோரும் நின்ற இடத்தில் சிலையாக நின்றார்கள். நின்றால் தாய்ப்பறவை இறங்காது, அந்த வெயிலில் முட்டை அவிந்துபோகும் என்பது கத்திய பிறகுதான் அவளுக்கு உறைத்தது. "வெளிய வாங்க, வந்த தடத்துலயே வாங்க," என்று மாற்றிச் சொன்னாள். ஒருவன் பயந்து இரண்டடி பின்னால் வைத்தான். காலடியில் ஏதோ நொறுங்கியது. செருப்பைத் தூக்கிப் பார்த்துவிட்டு முகம் வெளுத்து நின்றான்.

அப்போதுதான் ஒலிபெருக்கியில் அவள் பெயர் ஒலித்தது.

"இந்த ஆலாக்களை நமக்கு அடையாளம் காட்டிய சகோதரி இசபெல்லா இதோ வந்துவிட்டார்கள். அவர்களுக்குப் பொன்னாடை அணிவித்து..."

கிருபாநிதி சார் கையில் சால்வையோடு சிரித்துக்கொண்டு நின்றார். அவள் நேரே போய் மைக்கைப் பிடுங்கினாள்.

"தயவுசெஞ்சு எல்லாரும் இங்கேருந்து போயிருங்க. இப்பவே."

மைக் கீச்சென்று அலறியது. யாரோ பழக்கதோஷத்தில் கைதட்டினார்கள். கிருபாநிதி சார் அவள் தோளருகே குனிந்து, "சாப்பாட்டுப் பொட்டலம் குடுத்துட்டுக் கிளம்பிருவோம்மா. பிள்ளைங்க பசியோட இருக்குதுங்க," என்றார். கோபமே இல்லாத அந்தக் குரலைக் கேட்டதும் அவளுக்கு அழுகை வந்தது. அழுதால் ஆனந்தக் கண்ணீர் என்று படம் எடுத்துப் போடுவார்கள். பல்லைக் கடித்துக்கொண்டாள்.

பஸ்கள் போன பிறகு ரெக்சன் வந்தான். குப்பைக் குவியலில் இருந்து கயிற்றை எடுத்து உதறினான்.

"ஃபாரஸ்ட்டுக்காரன் வருவான்னு பயந்தேன் மதினி. அவன் வரல. நீங்கதான் கூட்டியாந்திருக்கீங்க."

"நான் கூட்டியாரல ரெக்சன். வேண்டாம்னுதான் தலையால அடிச்சுக்கிட்டேன்."

"எமில்டா தலச்சுமையோட சுத்திப் போனால்லா? ஊரே சுத்திப் போச்சே. எதுக்கு?"

கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

அன்றைக்கே மன்றத்தின் குழுவில் நடந்ததையெல்லாம் எழுதினாள். முட்டைகள் அவிந்ததை எழுதினாள். அவிழ்த்த கயிறு வேலி என்பதை எழுதினாள். ஊர்க்காரர்கள் காத்ததை நாம் மிதித்தோம் என்று எழுதினாள். இவ்வளவு கடுமையாக அவள் யாருக்கும் எழுதியதில்லை. அனுப்பிவிட்டு, யார் சண்டைக்கு வருவார்கள் என்று காத்திருந்தாள். முதலில் ஒரு கட்டைவிரல் வந்தது. அப்புறம் கும்பிட்ட கைகள். அப்புறம், 'அருமையான பதிவு மேடம்.' அதற்குக் கீழே யாரோ விழாவில் தொலைந்த தொப்பியைப் பற்றி விசாரித்தார்கள்.

போனைத் தூக்கிக் கட்டிலில் எறிந்தாள்.

அடுத்த ஞாயிறு புன்னைக்காயலுக்குப் போக அவளுக்கு முகமில்லை. இருந்தும் போனாள். திட்டின் மேல் பழையபடி வலைகள் விரித்துக் கிடந்தன. அதில் அவள் ஆச்சரியப்படவில்லை. ஆனால் வலைகளுக்கு அப்பால், ஆற்றுப் பக்கத்து ஓரத்தில், சில ஆலாக்கள் மணலில் மார்பை அழுத்திக் குழி பறித்துக்கொண்டிருந்தன. போன முட்டைகளுக்குப் பதிலாக வேறு முட்டை போட வந்திருந்தன.

ரெக்சன் படகோரம் வலையைச் செப்பனிட்டுக்கொண்டிருந்தான்.

"கொஞ்சம் வலைய எடுத்துருவோமா?" என்று கேட்டாள்.

"இல்ல மதினி."

"திரும்ப வந்திருக்கு, பாரேன்."

"திரும்ப பஸ்ஸும் வரும்லா?"

அவள் போய் வலையின் ஒரு நுனியைப் பிடித்து இழுத்தாள். ஈரத்தில் ஊறிய வலை அசைந்து கொடுக்கவில்லை. சேலையைச் செருகிக்கொண்டு மறுபடி இழுத்தாள். "ஏ மதினி, கிழிஞ்சிரும், விடுங்க!" என்று ரெக்சன் ஓடி வந்தான். இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் வலையைப் பிடித்துக்கொண்டு கத்தினார்கள். ஆலா ஒன்று சர்ரென்று இறங்கி ரெக்சனின் மண்டையை உரசிக்கொண்டு மேலே போனது. போகிற போக்கில் அவன் நெற்றியில் எச்சத்தையும் போட்டது.

ரெக்சன் அதைப் புறங்கையால் துடைத்துப் பார்த்தான். கெட்ட வார்த்தை ஒன்று சொன்னான்.

"கயிறு கட்டினவன் தலையில பீச்சுதே! இதுக்கு நன்றின்னு ஒண்ணு உண்டா?" என்றான். பிறகு, "கிழிக்காம தூக்குங்க. அந்தப் பக்கம் போய்ப் பிடிங்க," என்றான்.

இம்முறை கயிறு கட்டவில்லை. கயிறு இருந்தால்தானே என்னவென்று எவனாவது வந்து பார்ப்பான் என்றான் ரெக்சன். ஊரில் வாயால் சொல்லிவைத்தான்.

குஞ்சுகள் பொரிந்து, மணலோடு மணலாக ஒட்டிக்கொண்டு கிடந்த சமயத்தில், வாரநாள் ஒன்றில் மன்றத்திலிருந்து ஆட்கள் வண்டியில் வந்து திட்டின் நடுமத்தியில் ஒரு போர்டை நட்டுவிட்டுப் போனார்கள். இரும்புக் கால், சிமெண்டு அடித்தளம். 'பறவைகள் குஞ்சு பொரிக்கும் இடம். தொந்தரவு செய்யாதீர்.' ரெக்சன் கடலில் இருந்த நேரம். எமில்டா தடுத்துப் பார்த்திருக்கிறாள். பறவைகளுக்கு நல்லதுக்குத்தானே வைக்கிறோம் என்று சொல்லிவிட்டார்களாம்.

இசபெல்லா வந்து பார்த்தபோது போர்டின் மேல் காகம் ஒன்று உட்கார்ந்திருந்தது. உயரம் என்று எதுவுமே இல்லாத அந்தத் திட்டில் காகங்களுக்கு அப்படியொரு இருக்கை இதுவரை கிடைத்ததில்லை. கழுத்தைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தது. பிறகு நிதானமாக இறங்கியது. அவள் கத்திக்கொண்டு ஓடுவதற்குள் அலகில் ஒரு குஞ்சோடு பறந்தது. தாய் ஆலா ஆற்றைத் தாண்டும் மட்டும் அதைத் துரத்திக்கொண்டு போனது.

அவள் ரெக்சன் வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"கடப்பாரை இருக்கா?"

"எதுக்கு மதினி?"

"அந்த போர்டப் பிடுங்கணும்."

"போலீஸ் கேசு ஆயிரும்."

"ஆகட்டும். என் பேரச் சொல்லு."

வெயில் தாழ்ந்து மணல் சூடு ஆறட்டும் என்று காத்திருந்து, மூன்று பேரும் போனார்கள். எமில்டா காலடியில் குஞ்சு இல்லாத வழி பார்த்து முன்னால் நடந்தாள். ரெக்சன் கடப்பாரையைப் போட்டு நெம்பினான். இசபெல்லா இரும்புக் காலைக் கட்டிப்பிடித்து உலுக்கினாள். சிமெண்டு இளகி வந்தபோது உள்ளங்கை தோலுரிந்து எரிந்தது. அதுவரை உள்ளே அடக்கி வைத்திருந்த வசவுகளையெல்லாம் அந்த இரும்பைப் பார்த்துத் திட்டித் தீர்த்தாள். கிருபாநிதி சாரின் சிரிப்பையும் சேர்த்தே திட்டினாள். எமில்டா வாயைப் பொத்திக்கொண்டாள்.

இரண்டு நாள் கழித்து அலுவலகத்தில் இருந்தபோது கிருபாநிதி சார் போன் செய்தார்.

"மனசுக்கு ரொம்பக் கஷ்டமா இருக்கும்மா. நம்ம போர்ட யாரோ பிடுங்கிட்டுப் போயிட்டாங்க. அந்த ஊர் ஆளுங்கதான் செஞ்சிருக்கணும்னு மன்றத்துல சொல்லுதாங்க. கம்ப்ளெயிண்ட் குடுக்கலாமான்னு..."

"அவங்க இல்ல சார். நான்தான் பிடுங்கினேன்."



"ஏம்மா?" என்றார்.

காகத்தைப் பற்றிச் சொன்னாள். முதலில் இருந்து, கயிற்றில் இருந்து, எல்லாவற்றையும் மறுபடி சொன்னாள். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். முடிந்ததும், "அந்தக் காக்கா விஷயம் எனக்குத் தோணாமப் போச்சே," என்று தனக்குத்தானே பேசுகிறவர் போலச் சொன்னார். இசபெல்லாவுக்கு ஒரு நொடி மனசு இளகியது.

"அப்போ அடுத்த வருஷம் போர்ட கரைப்பக்கம் தள்ளி வச்சுக்குவோம்மா. விழா அன்னைக்கே திறப்பு விழாவும் வச்சிரலாம்."

"விழாவே வேண்டாம் சார்."

"பாப்போம்மா, பாப்போம்," என்று சிரித்துக்கொண்டே வைத்துவிட்டார்.

ஆனி பிறந்தபோது குஞ்சுகள் சில பறந்தன. தவக்காலத்தில் அவள் பார்த்த கூட்டத்துக்கு அது ஈடாகாது. எதிர்க்காற்றில் தள்ளாடி எழும்பி, ஆற்றின் மேல் ஒரு சுற்று சுற்றி, மறுபடி மணலில் பொத்தென்று விழுந்தன. அவற்றின் பக்கம் போன நாயை ரெக்சன் கல்லெடுத்து விரட்டினான். இசபெல்லா மணலில் உட்கார்ந்து, அடுத்த வருஷம் கிருபாநிதி சாரிடம் எப்படிச் சொன்னால் அவர் காதில் ஏறும் என்று யோசித்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் பிடிபடவில்லை.